சிங்கப்பூரில் நேராகும் சுருட்டை முடி

ஜொகூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கும் நம் பெண்கள் தீபாவளிக்கு வீடு திரும்பும்போது, பெற்ற தாய்க்கே ஒரு கணம் அடையாளம் தெரிவதில்லை. போகும்போது சுருள் சுருளாக இருந்த கூந்தல், வரும்போது பட்டுநூல் கற்றைபோல் தொங்குகிறது. "ரீபாண்டிங் செய்தேன், அம்மா" என்கிறாள் மகள். "எவ்வளவு செலவு?" என்று அம்மா உடனே கேட்டுவிடுகிறார். அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: "தலையில் என்ன மருந்து போட்டார்கள்?"

சுருட்டை முடி ஒரு குறையன்று. ஆனாலும் விடியுமுன் எழுந்து பஸ் பிடித்துப் பாலம் கடக்கும் பெண்ணுக்குச் சிக்கெடுக்க நேரமில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தன் சம்பளத்தில் தனக்குப் பிடித்ததைச் செய்துகொள்ள அவளுக்கு உரிமையுண்டு. ஆகவே, செய்யாதே என்று நான் எழுதப் போவதில்லை. முடிக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு செய்யட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பால்மரம் வெட்டிய குடும்பத்தாருக்கு இதை விளக்குவது சுலபம். இன்று பெரும்பாலான தோட்டங்களில் செம்பனைதான் என்றாலும், ரப்பரை அறியாத வீடு நம்மிடையே குறைவு. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் அதனோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கியபோது, ரப்பரின் இழைகளைக் கந்தகம் ஒன்றோடொன்று கட்டிப்போட்டது. டயர் உறுதியாக இருப்பது அந்தக் கட்டால்தான். நம் முடியும் அப்படியே. கெரட்டின் என்ற புரதத்தால் ஆன முடியின் இழைகளையும் கந்தகக் கட்டுகளே பிணைத்து வைத்திருக்கின்றன. முடி கருகும்போது எழும் நாற்றமும் அந்தக் கந்தகத்தால் வருவதுதான்.

வீட்டில் சூட்டுக்கருவியால் இழுத்து விடும்போது இந்தக் கட்டுகள் அசைவதில்லை. தலைக்குக் குளித்ததும் சுருள் திரும்பிவிடும். ரீபாண்டிங்கில் நடப்பது வேறு. முதலில் தயோகிளைக்கலேட் என்னும் மருந்துள்ள களிம்பைத் தடவிக் கந்தகக் கட்டுகளை அவிழ்க்கிறார்கள். அந்தக் களிம்பில் அமோனியா கலந்திருப்பதுண்டு. பால் உறையாமலிருக்க வாளியில் ஊற்றுவோமே, அதே அமோனியாதான். மூக்கைத் துளைக்கும் அந்த வாடை நம் பெரியவர்களுக்குப் புதிதல்ல. பிறகு அலசி, உலர்த்தி, பிரி பிரியாகச் சூடான தட்டுக் கருவியால் இழுத்து நேராக்குகிறார்கள். கடைசியாக ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு, அவிழ்த்த கட்டுகளை நேரான நிலையிலேயே மறுபடியும் கட்டுகிறார்கள். நீண்ட முடியானால் அரை நாள் நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும்.

களிம்பு எத்தனை நிமிடம் இருக்கலாம் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. குறைந்தால் முடி நேராகாது. கூடினால் கட்டுகள் அளவுக்கு மீறி அவிழ்ந்து, முடி நனைந்த நூல்போல் அறுந்துவிடும். தடித்த, நேரான முடியிலேயே கை பழகியவருக்கு நம் சுருட்டை முடியின் கணக்குப் பிடிபடாமல் போகலாம்.

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவி ஒருத்தி அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தங்கை திருமணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது முடியை நேராக்கப் போயிருக்கிறாள். பல மாதங்களாகத் தலைக்குக் கறுப்பு மருதாணித் தூள் பூசி வந்தவள் அவள். கடையில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அங்கிருந்தவருக்குச் சீனம், இவளுக்குத் தமிழும் மலாயும். பாதி வேலையில் காதுக்குக் கீழிருந்த முடி கையோடு வந்துவிட்டது. திருமணப் படங்களில் அவள் பெரியவர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பதைப் பார்த்தேன்.

அசல் மருதாணி இலை முடியின்மேல் ஒரு பூச்சாகப் படிந்து, மருந்து சீராக இறங்குவதைத் தடுக்கும். கறுப்பு நிறம் தரும் கலவைத் தூள்கள் சிலவற்றில் உலோக உப்புகளும் இருக்கும். அவை பெராக்சைடோடு சேர்ந்தால் சூடேறி முடியைப் பொசுக்கிவிடும். ஆகவே சாயமோ மருதாணியோ போட்டிருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். மொழி தெரியாவிட்டால் பாக்கெட்டையே கொண்டுபோய்க் காட்டலாம். பின்னந்தலையில் ஒரு சிறு பிரியில் மட்டும் முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். தலையில் புண்ணோ சொறிந்த காயமோ இருந்தால் அன்று வேண்டாம்.

லண்டன், அமெரிக்கா என்று தொலைதூரம் போகும் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதி. அங்கே ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கான கடைகளில் சோடியம் ஹைட்ராக்சைடு உள்ள களிம்பைப் பயன்படுத்துவதுண்டு. சவர்க்காரம் செய்ய உதவும் காரம் அது. சிங்கப்பூரில் ரீபாண்டிங் செய்த முடியின்மேல் அதைப் போட்டாலும், அதைப் போட்ட முடியில் ரீபாண்டிங் செய்தாலும் முடி உடைந்து போகும். முன்பு எந்த மருந்து போட்டது என்று எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

"கெரட்டின்" என்ற இனிய பெயரில் வரும் பிரேசில் முறை இதனினும் வேறானது. அவற்றில் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் தவளையை ஊறப் போடும் ஃபார்மலின் இதன் கரைசல்தான். இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியது. அந்தப் புகையை நாள்தோறும் சுவாசிக்கும் கடைப் பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அது இல்லை என்று எழுதிய புட்டிகள் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கும். மும்முறை முடியை நேராக்கிக்கொண்டு, மும்முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 26 வயதுப் பெண்ணைப் பற்றிப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024-இல் எழுதினார்கள். அந்த அமிலமுள்ள களிம்பை எலிகளின் தோலில் தடவிப் பார்த்தபோது, அவற்றின் சிறுநீரகங்களில் படிகங்கள் சேர்ந்திருந்தன. களிம்பு பட்டதும் தலை எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கழுவச் சொல்ல வேண்டும். பிறகு வாந்தி, காய்ச்சல், இடுப்புவலி கண்டால் மருத்துவரிடம் முடிக்கு மருந்து போட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இத்தனையும் சரியாக நடந்தாலும் வேருக்கு எந்த மருந்தும் எட்டாது. முடி சுருளுவது தோலுக்கடியில் உள்ள மயிர்க்குழியின் வடிவத்தால். மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும் புது முடி சுருண்டே வரும். ஆறு மாதத்தில் மேலே சுருட்டை, கீழே நேர் என்று இரண்டு முடியாகத் தெரியும். மறுபடி செய்வதானால் புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். பழைய முடியில் மறுபடி மருந்து பட்டால் தாங்காது.

கட்டணத்தை முடியின் நீளம் பார்த்துச் சொல்வார்கள். உட்காருமுன் முழுத் தொகையையும் கேட்டுக்கொண்டு, மருந்துப் பெட்டியைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, ரசீதையும் வாங்கி வையுங்கள். வேலை கெட்டுப்போய், கடையும் பொறுப்பேற்க மறுத்தால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிடலாம். 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றமும் அங்கே இருக்கிறது. படமும் ரசீதும் அங்கே கேட்பார்கள்.