அழுத்தத்தின் விலை

டெல்லியின் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் இயற்கை எரிவளிக்கு மாற வேண்டும் என்று 1998 சூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கெடு தவறியது, ஆயினும் 2002 முடிவதற்குள் மாற்றம் நிறைவேறிவிட்டது. புகை குறைந்த கதையைப் பலர் எழுதியிருக்கின்றனர். டீசலைப் போல ஊற்றி நிரப்ப முடியாத இந்த எரிபொருளை உருளைக்குள் அடைப்பதற்கு நாள்தோறும் செலவாகும் மின்சாரத்தைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. நிரப்பு நிலையம் நடத்துவோர் மட்டும் அதை மாதந்தோறும் பட்டியலில் காண்கின்றனர்.

வண்டி உருளையில் எரிவளி 200 பார் அழுத்தத்தில் நிற்கிறது; நிலையத்தின் சேமக்கலன்களில் 250 பார். நகரின் எஃகுக் குழாயில் அது 20 பார் அளவில் வந்து சேர்கிறது. இடைப்பட்ட ஏற்றம் முழுவதும் அமுக்கியின் பொறுப்பு. இந்த ஏற்றத்தின் செலவை அழுத்த வேறுபாட்டைக் கொண்டு கணிப்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் அது பிழை. வெப்பநிலை மாறாமல் ஒரு வளியை அமுக்க வேண்டிய வேலை, அழுத்த விகிதத்தின் மடக்கையைப் பொறுத்தது. அழுத்தத்தை ஒருமுறை இரட்டிக்க ஆகும் வேலை எங்கே தொடங்கினாலும் ஒன்றே. 1 பாரை 2 ஆக்குவதும் 125 பாரை 250 ஆக்குவதும் ஏறத்தாழ ஒரே விலை: ஒரு கிலோ மீத்தேனுக்கு 0.03 யூனிட். ஒன்றிலிருந்து 256 வரை எட்டு இரட்டிப்புகள் உள்ளன. அவற்றுள் நான்கு, 16 பாரை எட்டும்போதே முடிந்துவிடுகின்றன. உழைப்பின் பாதி, யாரும் பொருட்படுத்தாத அடிப்படிகளில் கழிகிறது.

எனவே சிக்கனம் தேடுவோர் முதலில் நோக்க வேண்டியது நுழைவழுத்தத்தை. 20 பாரில் பெற்ற வளியை 250-க்கு ஏற்றக் கோட்பாட்டளவில் கிலோவுக்கு 0.11 யூனிட் போதும். இயந்திர இழப்புகளால் நடைமுறையில் அது இருமடங்கை நெருங்கலாம். அதே வளியை 50 பாரில் பெற்றால் 0.07. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். மாறாக, சேமிப்பழுத்தத்தை 250-லிருந்து 200-க்கு இறக்கினால் மிஞ்சுவது 0.01 மட்டுமே. நெடுந்தொலைவுக் குழாயில் உயர் அழுத்தத்தில் ஓடிவரும் வளியைக் காப்புக் கருதி நகர்வாயிலில் இறக்குகிறோம். இறக்கியதை நிலையத்தில் மின்சாரம் கொடுத்து மீண்டும் ஏற்றுகிறோம். பிற நிலையங்களுக்கும் வளி அனுப்பும் தாய் நிலையத்தை நகர்வாயிலின் அருகே அமைத்து, அழுத்தம் இறங்கும் முன்பே வளியைப் பெறுவது எந்தப் புதிய இயந்திரத்தையும்விட மேலான வழி என்பது என் கருத்து.

குழாய் எட்டாத சேய் நிலையங்களின் நிலை இன்னும் கடுமை. தாய் நிலையத்தில் அமுக்கிய வளி, உருளை அடுக்குகளாக லாரியில் வருகிறது. வண்டிகள் நிரம்ப நிரம்ப அடுக்கின் அழுத்தம் தாழும். தாழ்ந்ததை உயர்த்த அங்கும் ஓர் அமுக்கி ஓடும். இருமுறை மின்செலவு, போதாக்குறைக்கு லாரியின் எரிபொருள்.

சேமக்கலனிலும் ஒரு மறைவான இழப்பு உண்டு. 30 பாரில் வந்து நிற்கும் தானியின் உருளைக்குள் 250 பார் வளியைத் திறந்துவிட்டால், அமுக்கி அரும்பாடுபட்டு ஏற்றிய அழுத்தம் அடைப்பிதழிலேயே வீணாகிறது. ஆதலால் கலன்களைத் தாழ், இடை, உயர் என மூன்றாகப் பிரித்து, முதலில் தாழ்ந்ததிலிருந்தும் இறுதியில் உயர்ந்ததிலிருந்தும் நிரப்புகின்றனர். வரிசை ஒழுங்காக இருந்தால் அமுக்கி அடிக்கடி ஓடத் தேவையில்லை.

வெப்பமும் கணக்கில் சேரும். நுழையும் வளி 3 பாகை குளிர்ந்தால் வேலை ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறையும். அமுக்கியின் படிநிலைகளுக்கு இடையே வளியைக் குளிர்விப்பதும் இதனாலேயே. டெல்லியின் மே மாதப் புழுதி படிந்த குளிர்விப்பு இதழ்களைக் கழுவுவதைப் போல மலிவான சிக்கனம் வேறில்லை.

யூனிட்டுகளைக் குறைத்தாலும் பட்டியல் முழுதும் குறையாது. கேட்புக் கட்டணம் தனி. அது எவ்வளவு மின்சாரம் என்பதைக் கேட்பதில்லை, எவ்வளவு விரைவாக என்பதையே கேட்கிறது. ஒரு பணிமனை இரவில் 2,000 கிலோ நிரப்ப வேண்டும், கிலோவுக்கு 0.2 யூனிட் ஆகும் என்று கொள்வோம். இரண்டு மணி நேரத்தில் முடிக்க 200 கிலோவாட் தேவை. எட்டு மணி நேரத்தில் முடிக்க 50 போதும். இருமுறையும் செலவாவது 400 யூனிட்டே. வண்டிகள் அனைத்தையும் ஒருங்கே இணைத்து விடிய விடிய மெல்ல நிரப்பும் முறை இதற்கென்றே அமைந்தது. பெருஞ்சேமக்கலனும் அதற்கு வேண்டாம்.

மென்தொடக்கி பொருத்தினால் கேட்பு குறையும் என்று விற்போர் சொல்வதுண்டு. மின்னோடி தொடங்கும் நொடிகளில் ஆறேழு மடங்கு மின்னோட்டத்தை இழுப்பது மெய்யே. ஆனால் அளவி பதிவது அரைமணி நேரச் சராசரியை. நொடிப்பொழுது எழுச்சி அதில் கரைந்துவிடும். மென்தொடக்கி மின்னோடியின் ஆயுளுக்கு நல்லது, பட்டியலுக்கு அன்று. பட்டியலை ஏற்றுவது, ஒன்று போதுமான வேளையில் இரண்டு அமுக்கிகள் சேர்ந்து ஓடுவதே. இரண்டும் ஒருங்கே ஓடாமல் தடுக்கும் எளிய பூட்டு அதைவிடப் பயன் தரும்.

இனி நேரம். டெல்லியின் நேரவாரிக் கட்டணத்தில், மே முதல் செப்டம்பர் வரை பிற்பகல் 2 முதல் 5 வரையும் இரவு 10 முதல் 1 வரையும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அதிகாலை 4 முதல் காலை 10 வரை அதே அளவு தள்ளுபடி. இரவு 10 மணிக்குத் திரும்பும் பேருந்தை உடனே நிரப்பாமல் 1 மணி வரை காக்க வைக்கலாமே எனத் தோன்றும். காத்தால் எட்டு மணி நேரம் ஐந்தாகச் சுருங்கும்; 50 கிலோவாட் 80 ஆகும். கூடுதல் விலை ஐந்து மாதத்துக்கு மட்டும்; கேட்புக் கட்டணமோ பன்னிரண்டு மாதத்துக்கும். ஆகவே பெரும்பாலான பணிமனைகளில், உச்ச நேரமானாலும் 10 மணிக்கே தொடங்கி மெல்ல நிரப்புவதுதான் ஆண்டுக் கணக்கில் மலிவாக முடியும்.