இலைக்கு லைசென்ஸ், பூவுக்குச் சிறை

கஞ்சாவைச் சட்டம் அநுமதிக்கலாமா என்ற விவாதம் உலகெங்கும் வலுத்திருக்கிறது. உருகுவே 2013-ஆம் வருஷத்திலும், கானடா 2018-ஆம் வருஷத்திலும் அநுமதித்துவிட்டன. நாமும் அவ்வாறே செய்யவேண்டும் என்போர் ஒரு சாரார். அப்பேச்சை எடுப்பதே பாபம் என்போர் மற்றொரு சாரார். நம் தேசத்துச் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை இவ்விரு சாராரில் எவரும் ஊன்றிக் கவனித்ததாகத் தோன்றவில்லை.

1985-ஆம் வருஷத்திய போதைப் பொருள் சட்டப்படி கஞ்சாவென்பது அச்செடியின் பூத்த அல்லது காய்த்த நுனியே. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சாவாகா. ஆகவே, இலையை அரைத்துப் பாலில் கலந்து பாங்காக அருந்துகிறவரை அச்சட்டம் தீண்டுவதில்லை. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் சர்க்கார் லைசென்ஸ் பெற்ற கடைகளிலேயே பாங் விற்பனையாகிறது. ஹோலிப் பண்டிகையில் அதைக் குடித்துக் களிப்பவர் கௌரவமான கிருஹஸ்தர். அதே செடியின் பூவைச் சிலும்பியில் வைத்துப் புகைக்கும் கூலிக்காரனோ குற்றவாளி. புகைத்ததற்கு ஆறு மாதம் வரையிலும், ஒரு கிலோவுக்குக் குறைவாகக் கையில் வைத்திருந்ததற்கு ஒரு வருஷம் வரையிலும் அவனைச் சிறையில் அடைக்கலாம். இந்தப் பாகுபாட்டுக்கு என்ன நியாயம் கூறுவது?

இவ்விஷயத்தை ஆராய 1893-இல் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு கமிஷனை நியமித்தது. அதன் அங்கத்தினர் எழுவரில் மூவர் இந்தியர். 1,193 பேரிடம் சாட்சியம் பெற்ற பிறகு, மிதமான உபயோகத்தால் பெருந்தீங்கு விளைவதில்லையென்றும், அளவு மீறினால் கேடு உண்டென்றும், முழுத் தடை அவசியமில்லையென்றும் அக்கமிஷன் முடிவு கூறிற்று. கலால் வருமானத்தில் அந்நிய ஆட்சிக்கு இருந்த அக்கறையை நாம் மறந்துவிடவில்லை. எனினும் கமிஷன் செய்த ஒரு காரியம் இன்றும் படிப்பினையாகும். கஞ்சாவினால் பித்துப் பிடித்தவர்கள் என்று பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் கண்டிருந்த கேஸ்களை அது திரும்ப விசாரித்தது. சரியான விசாரணையின்றியே பல கேஸ்களில் 'காரணம்: கஞ்சா' என்று எழுதப்பட்டிருந்தது வெளியாயிற்று. இக்காலத்துப் போலீஸ் அறிக்கைகளைப் படிக்கையில் நமக்கு அந்தப் பதிவேடுகள் நினைவுக்கு வருகின்றன!

பிற்பாடு 1961-ஆம் வருஷத்துச் சர்வதேச உடன்படிக்கை கஞ்சாவை ஹெராயினுடன் ஒரே பட்டியலில் வைத்தது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் கமிஷன் 27-க்கு 25 என்ற ஓட்டுக்களால் அதை அக்கடும் பட்டியலிலிருந்து நீக்கியது. மாற்றத்துக்கு ஆதரவாக ஓட்டளித்த தேசங்களில் இந்தியாவும் ஒன்று. வியன்னாவில் அப்படி ஓட்டளித்த நம் சர்க்கார், உள்நாட்டில் புகைப்பவனுக்குரிய தண்டனையை இம்மியும் குறைக்கவில்லை.

இதனால், கஞ்சாக் கடைகளைத் திறக்கவேண்டுமென்று நாம் கோருவதாக எவரும் எண்ணவேண்டாம். சியாம் தேசமாகிய தாய்லாந்து 2022-இல் தடையை நீக்கிற்று. கடைகள் புற்றீசல்போலக் கிளம்பின. 2025-இல் வைத்தியர் சீட்டின்றி விற்கக்கூடாதென்று அது பின்வாங்க நேர்ந்தது. இளம்பிராயத்தில் இவ்வழக்கத்துக்கு ஆட்பட்டு மிதமிஞ்சி உபயோகிப்போருக்குச் சித்தப்பிரமை உண்டாகும் அபாயம் அதிகமென வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். தூரதேசத்து அநுபவம்கூட நமக்கு வேண்டியதில்லை. 1937-இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்குக் கண்ட இம்மாகாணத்தில், 2003 முதல் சர்க்காரே சில்லறை மதுக்கடைகளை நடத்திவருகிறது. விற்பனையைத் தானே ஏற்ற சர்க்கார் அவ்வருமானத்தை எளிதில் விட்டுவிடாதென்பதை நாம் கண்கூடாகக் கண்டு வருகிறோம். அந்தத் தராசில் இன்னொரு சரக்கையும் வைக்க நாம் ஒப்போம்.

ஆனால் விற்பனை வேறு, தண்டனை வேறு. 2024-இல் ஜெர்மனி இயற்றிய சட்டம் வயது வந்தோர் 25 கிராம் வரை வைத்திருப்பதைக் குற்றமல்லவென்றது. கடை விற்பனைக்கு இடந்தரவில்லை. நம் சட்டத்திலும் ஒரு சிறு வாசல் திறந்திருக்கிறது. போதைக்கு அடிமையானவன் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், சிற்றளவு வைத்திருந்த குற்றத்துக்கு அவன்மீது வழக்கு நடத்துவதில்லை. அவ்வாசலைப் பிடிபட்ட ஏழை எங்கே அறிவான்? ஜாமீனுக்கு ஆளில்லாதவனுக்கு அதை எடுத்துச் சொல்பவர் யார்? சிறை சென்று மீண்ட கூலிக்காரனுக்குப் பழைய வேலை கிடைப்பதில்லை. அவன் குடும்பம் கடனில் மூழ்குகிறது.

இருபது கிலோவுக்கு மேல் கடத்துவோருக்குப் பத்து முதல் இருபது வருஷம் என்ற தண்டனையில் நாம் கைவைக்கச் சொல்லவில்லை. புகைப்பவனுக்குச் சிறை கூடாது. சிகிச்சையே முதல் படியாக இருக்கட்டும். அதற்கேற்பச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைப் பார்லிமெண்டில் கொண்டுவரவேண்டும். நம் மாகாணத்து அங்கத்தினர்கள் இதில் முந்துவார்களா என்று ஒவ்வொரு தொகுதியிலும் ஊழியர்கள் அவர்களையே நேரில் கேட்கவேண்டுகிறோம்.