தணலை வாரிய பிறகும் ரொட்டி வேகிறதே, எப்படி?

பேக்கரிகளின் விறகு அடுப்பை யாழ்ப்பாணத்தில் 'போறணை' என்பார்கள். போர்த்துக்கீசிய 'ஃபோர்னோ' தந்த சொல். அதையே கொல்லையிலும் கட்டலாம்.

சென்னையை அடுத்த முடிச்சூரில் என்றால் முதலில் மேடை. 2015 டிசம்பர் வெள்ளம் கண்ட ஊர் இது. இடுப்பளவு உயரம் நல்லது. ஏன்? செங்கலில் தங்கிய நீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரியும். வெளியேற வழியில்லாவிட்டால் சுவர் வெடிக்கும். புது அடுப்பில் சில நாள் சுள்ளித் தீ மட்டும் போடுவதும் இதற்காகத்தான்.

கூரை ஏன் குவிமாடம்? ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்தியே நிற்கும். சுடரும் வளைந்தோடி எங்கும் சூடேற்றும். வாசல் உயரம் மாடத்தின் உயரத்தில் 63 சதவீதம் இருந்தால், கீழே காற்று நுழையும், மேலே புகை வெளியேறும்.

தீ மூட்டியதும் உட்கூரை கரி பிடித்துக் கறுக்கும். வெப்பம் ஏற ஏற அந்தக் கரியே எரிந்து, கல் வெளுக்கும். அடுப்பு தயார்! தணலை வாரி, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, மாவை வைத்துக் கதவை மூடுங்கள். மெல்ல வாங்கிய சூட்டைச் செங்கல் மெல்லவே திருப்பித் தரும்: தளம் அடியைச் சுடும், கூரையின் கதிர்வீச்சு மேல்தோலைச் சிவக்க வைக்கும்.