நகர மண்டபத்தில் ஓர் உடன்போக்கு

ஆங்கிலத்தில் 'எலோப்மென்ட்' என்ற சொல்லுக்குச் சென்ற தலைமுறை வரை ஒரே பொருள்தான் இருந்தது. பெற்றோர் அறியாமல் வீட்டைவிட்டுச் சென்று மணந்துகொள்வது. நம் ஊர்ப் பேச்சில் 'ஓடிப்போவது'. இன்றைய அமெரிக்காவில் அச்சொல் பொருள் மாறிவிட்டது. யாரிடமும் மறைக்காமல், விரல்விட்டு எண்ணத்தக்க சிலரை மட்டும் அழைத்துச் செய்துகொள்ளும் எளிய திருமணத்துக்கும் இப்போது அதுவே பெயர்.

நம் அகப்பாடல்கள் இதனை உடன்போக்கு என்றன. தலைவி தலைவனுடன் சென்றுவிட்ட நிலையில், கொடுப்பதற்குரியோர் இல்லாமலும் திருமணச் சடங்கு நிகழலாம் எனத் தொல்காப்பியத்தின் கற்பியல் இடம் தருகிறது. (பொருளியல் கற்பித்தவன் இலக்கணத்துக்குள் நுழைவதைத் தமிழ்த் துறை நண்பர்கள் பொறுத்தருள்க.) கொடுப்போர் இல்லாத இடத்தில் அச்சடங்கை யார் நடத்தித் தருவது என்ற கேள்விக்கு, சான்பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம் வைத்திருக்கும் விடையைச் சென்ற ஜூன் மாதம் நேரில் கண்டேன்.

அங்கே பணிபுரியும் என் மகள் தொலைபேசியில் அழைத்து, "நகர மண்டபத்தில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். நீங்களும் அம்மாவும் வந்தால் போதும் அப்பா" என்றாள். என் மனக்கண்ணில் தோன்றியது ஒரு குறுகிய மாடிப்படியும், கோப்புக் கட்டுகளும், பத்திரப் பதிவுக்காகக் காத்திருப்போர் கூட்டமும்தான். அரசு அலுவலகத் திருமணம் என்றால் நமக்கு வேறென்ன நினைவுக்கு வரும்?

அந்தக் கட்டிடம் அப்படிப்பட்டதன்று. 1906-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பழைய நகர மண்டபம் இடிந்து விழுந்த பின்னர், ஆர்தர் பிரவுன் என்ற கட்டிடக் கலைஞரின் வடிவமைப்பில் 1915-இல் எழுந்தது இது. தரையிலிருந்து 300 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் அதன் குவிமாடம் வாஷிங்டன் நாடாளுமன்றக் குவிமாடத்தைவிட உயரமானது. அதன் கீழே அகன்ற பளிங்குப் படிக்கட்டு விசிறிபோல் விரிந்து மேலேறுகிறது. 1989 நிலநடுக்கத்தில் இக்கட்டிடம் மீண்டும் சேதமுற்றது. அடித்தளத்தில் அதிர்வுதாங்கிகளைப் பொருத்திப் பெரும் பொருட்செலவில் புதுப்பித்து, 1999-இல் மறுபடியும் திறந்தார்கள். இத்தனை கோடிகளைக் கொட்டிக் காத்த மண்டபத்தின் படிக்கட்டு உச்சியில்தான், வார நாள்களில் சாதாரண மக்களுக்கு நகரமே திருமணம் நடத்தி வைக்கிறது.

நடைமுறையை விளக்குவது பயன்தரும். பிள்ளைகள் அங்கே இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். முதலில் திருமண உரிமம் பெற வேண்டும். இருவரும் அடையாளச் சான்றுடன் நேரில் வர வேண்டும். அந்நகரத்தில் குடியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காத்திருப்புக் காலமும் இல்லை. உரிமம் 90 நாள்கள் செல்லும். திருமணச் சடங்குக்குத் தனியே நேரம் முன்பதிவு செய்ய வேண்டும். உரிமத்துக்கும் சடங்குக்கும் தனித்தனியே ஏறத்தாழ நூறு டாலரை ஒட்டிய கட்டணம். கையொப்பமிட ஒரு சாட்சி வேண்டும். நகரம் நியமித்த திருமண ஆணையர் மதச் சார்பற்ற உறுதிமொழியைச் சொல்லித் தருவார். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நம் சிறப்புத் திருமணச் சட்டம், 1954, முப்பது நாள் முன்னறிவிப்பைக் கேட்கிறது. மணமக்களின் பெயர்கள் அலுவலகத்தில் ஒட்டப்படுகின்றன. எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். வீட்டாருக்கு அஞ்சி வந்த இணைக்கு அந்த முப்பது நாள்கள் எத்தகையவை என்பதை நாளிதழ் படிக்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அங்கே அரசு கேட்பது, இருவரும் உரிய வயதினரா, மனமொத்து வந்தவர்களா, வேறு மணவுறவில் இல்லாதவர்களா என்பவற்றை மட்டுமே.

அங்கும் இந்த வாயில் எல்லாருக்கும் எப்போதும் திறந்திருந்ததில்லை. 2004 பிப்ரவரியில் அன்றைய மேயர் கேவின் நியூசம் ஒருபாலின இணையருக்கும் உரிமம் வழங்க உத்தரவிட்டார். மழையிலும் கட்டிடத்தைச் சுற்றி வரிசை நின்றது. ஒரு மாதத்தில் ஏறத்தாழ 4,000 இணைகள் மணந்துகொண்டன. ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் அத்தனை திருமணங்களையும் செல்லாதவை என்றது. அவர்களுள் முதலில் மணந்த டெல் மார்ட்டினும் ஃபிலிஸ் லயனும் அரை நூற்றாண்டாக ஒன்றாக வாழ்ந்த மூதாட்டிகள். 2008 ஜூனில் சட்டம் இடம் தந்ததும் அதே மண்டபத்தில் மீண்டும் மணந்தார்கள். சில வாரங்களில் டெல் மார்ட்டின் மறைந்தார்.

எங்கள் கதைக்கு வருகிறேன். கட்டணம் இத்தனை குறைவாக இருக்கும்போது எங்கோ ஒரு பங்கீடு இருந்தாக வேண்டும் என்பது பொருளியலின் பாலபாடம். இங்கே அது தலைக்கணக்கில் இருக்கிறது. விருந்தினர் ஆறு பேர் மட்டுமே. சாட்சியும், குழந்தைகளும், படமெடுக்க அமர்த்தப்படும் கலைஞரும் அந்த ஆறுக்குள் அடக்கம். நூறு பேரை அழைக்க விரும்புவோர் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து ஒரு மணி நேரத்துக்குத் தனியிடம் பெறலாம். என் மகளுக்கு அதில் விருப்பமில்லை.

இரு வீட்டுப் பெற்றோர் நால்வர். படமெடுப்பவர் ஒருவர். எஞ்சியது ஓர் இடம். அதற்கு என் மகனும் மாப்பிள்ளையின் தங்கையும் உரியவர்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. முடிவில் படமெடுப்பவரை நீக்கிவிட்டு, அப்பொறுப்பைக் கைப்பேசியுடன் மகனிடம் ஒப்படைத்தோம். (அங்கே திருமணக் கட்டணத்தைவிடப் படக் கட்டணம் பல மடங்கு.) ஆனால் என் மனைவியின் அக்காவுக்கு இடமில்லை. என் மகளைப் பத்து வயது வரை வளர்த்தவர் அவர். "பெற்ற பெண்ணைக் கூட்டமில்லாமல் கட்டிக் கொடுப்பதா?" என்று என் மனைவி அழுதது அதனால்தான், ஆடம்பரத்துக்காக அன்று.

இவ்விடத்தில் ஓர் ஆய்வு நினைவுக்கு வருகிறது. எமரி பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர்கள் பிரான்சிஸ், மியாலன் இருவரும் திருமணமான சுமார் 3,000 அமெரிக்கர்களிடம் திரட்டிய தகவலைக் கொண்டு 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். திருமணத்துக்கு அதிகம் செலவிட்டவர்களிடையே மணமுறிவு கூடுதலாகக் காணப்பட்டது. இதை மட்டும் எடுத்துக்கொண்டு பலரும் சிக்கனத்தைப் போதித்தார்கள். அதே கட்டுரையின் மறுபாதியைக் குறிப்பிடுவோர் குறைவு: திருமணத்துக்கு வந்தோர் எண்ணிக்கை கூடக்கூட மணமுறிவு குறைந்திருந்தது. இவை உடன்நிகழ்வுகளே, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இவற்றிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆயினும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இரண்டைத் தனித்தனியே நிறுத்திக் காட்டுகின்றன. செலவு வேறு, சுற்றம் வேறு. என் மகள் தவிர்க்க நினைத்தது முன்னதை. என் மனைவி இழக்க அஞ்சியது பின்னதை. இருவர் கூறியதும் சரியே என்பதைப் புரிந்துகொள்ள, நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

திருமணம் முற்பகல் 11.30 மணிக்கு, மதுரையில் அப்போது நள்ளிரவு. பெரியம்மா பட்டுப் புடவை உடுத்திக் கைப்பேசித் திரையில் அமர்ந்திருந்தார். அரிசி, மலரிதழ் எதையும் மண்டபத்துக்குள் தூவக் கூடாது என்பது விதி. ஆகவே அட்சதையை அவர் மதுரையில் தம் கைப்பேசியின்மீதே தூவினார். மணமக்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். சாட்சியாக நான் கையொப்பமிட்டேன். கீழே சுற்றுலாப் பயணிகள் நின்று கைதட்டினார்கள். அடுத்த இணை படியேறிக்கொண்டிருந்தது.

ஒன்றை மறக்கலாகாது. கையொப்பமிட்ட உரிமம் சான்றிதழ் ஆகிவிடாது. நடத்தி வைத்தவர் அதனைப் பத்து நாள்களுக்குள் பதிவுக்கு அனுப்ப வேண்டும். பதிவான பின்னர் சான்றிட்ட நகலை நாம்தான் விண்ணப்பித்துப் பெற வேண்டும். இந்தியாவில் பயன்படுத்த, அந்நகலுக்குக் கலிபோர்னியா மாநிலச் செயலரிடம் 'அப்போஸ்டில்' முத்திரை பெற வேண்டும். உரிமத்தில் எழுதப்படும் பெயர் எழுத்துப் பிசகாமல் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று அன்றே பார்த்துக்கொள்வது நல்லது. நம் தலைப்பெழுத்து வழக்கம் அங்கே படுத்தும் பாடு தனிக்கட்டுரைக்குரியது.

ஆவணியில் மணமக்கள் மதுரைக்கு வந்தார்கள். மேடை இல்லை, மெல்லிசை இல்லை, வாழையிலைச் சாப்பாடு மட்டும் என்று முடிவாயிற்று. பெரியம்மா முன்னின்று பரிமாறினார். வந்தவர்கள் முந்நூறு பேர். செலவுக் கணக்கை என் மனைவி இன்னும் என்னிடம் காட்டவில்லை.