கறுப்புச் சேறும் காவல் கிணறுகளும்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் வெல்டன் ஸ்பிரிங் இருக்கிறது. அங்கே மிசௌரி ஆற்றை ஒட்டிய சுண்ணாம்புப் பாறைக் குன்றில் ஒரு பழைய குவாரி. 1941இல் டிஎன்டி வெடிமருந்து ஆலைக்காக ஹாம்பர்க், ஹவல், டூனர்வில் என்ற மூன்று ஊர்களைக் காலி செய்தார்கள். ஆலைக் கழிவு குவாரிக்குப் போனது. போர் முடிந்தபின் அதே வளாகத்தில் 1957 முதல் 1966 வரை யுரேனியம் சுத்திகரிக்கும் ஆலை ஓடியது. தோரியக் கழிவு அடைத்த டிரம்கள், இடிபாடுகள், கதிரியக்க மண் என்று 1969 வரை அந்தக் குழிக்குள் எல்லாமே விழுந்தன. கல் எடுத்து முடித்த குழியைக் கண்டால் கொட்டத் தோன்றும் புத்தி எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

குவாரிக்குத் தெற்கே ஆற்று வண்டல் சமவெளி. அதில், சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி, செயின்ட் சார்லஸ் மாவட்ட மக்கள் குடிக்கத் தண்ணீர் எடுக்கும் கிணறுகள்.

1993 முதல் 1995 வரை கழிவை அள்ளி எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் பாறை வெடிப்புகளின் வழியே வண்டலுக்கு இறங்கிவிட்ட யுரேனியத்தை அள்ள முடியாது. அது எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் கண்காணிப்புக் கிணறு.

இது நம் போர்வெல்லின் ஒல்லியான உறவு. தண்ணீர் தருவது இதன் வேலையல்ல. துளைக்குள் இறக்கும் குழாயின் அடிப்பகுதியில் மட்டும் மெல்லிய கீறல்கள் இருக்கும். அந்தக் கீறல்கள் எந்த ஆழத்தில் இருக்கின்றனவோ அந்த ஆழத்து நீர்தான் உள்ளே வரவேண்டும். எனவே கீறல்களைச் சுற்றிச் சுத்தமான மணல் நிரப்பி, அதற்கு மேல் பெண்டோனைட் களிமண்ணை இடுகிறார்கள். நனைந்ததும் ஊதி அடைத்துக்கொள்ளும் களிமண் அது. அதற்கும் மேலே சிமென்ட், தலையில் பூட்டிய மூடி. இந்த அடைப்பு சரியில்லையென்றால் மழைநீர் குழாயோரமாக இறங்கிவிடும். கிணறே அழுக்குக்கு வழி திறந்துவிட்டதாகும்.

ஒரு கிணறு போதாது. நிலத்தடி நீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணக்கிடவே குறைந்தது மூன்று இடங்களின் நீர்மட்டம் தேவை. பாறை என்றால் சிக்கல் இன்னும் கூடும். நீர் வெடிப்புகளின் வழியேதான் ஓடுகிறது என்பதால், சில அடி தள்ளித் துளைத்தாலே அதைத் தவறவிடலாம். நம் ஊர்க் கருங்கல் பாறையிலும் இதுதான் நிலை. பக்கத்துத் தோட்டத்துப் போர்வெல்லில் தண்ணீர் கொட்ட, நம்முடையது வறண்டு கிடப்பதை எத்தனையோ விவசாயிகள் பார்த்திருக்கிறார்கள்.

தண்ணீர் எடுப்பதிலும் நிதானம் வேண்டும். குழாயில் தேங்கிக் கிடந்த நீர் காற்றோடு கலந்து மாறியிருக்கும், அது கணக்கில் சேராது. சிறிய பம்பால் மெதுவாக இறைத்து, வெப்பநிலை, அமிலத்தன்மை, கரைந்த ஆக்சிஜன், மின்கடத்துதிறன் ஆகியவற்றை அங்கேயே அளக்கிறார்கள். அளவுகள் ஏறி இறங்காமல் நிலைத்தபிறகே புட்டியை நிரப்புகிறார்கள். யுரேனியத்துக்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள், உலோகம் புட்டிச் சுவரில் ஒட்டாமலிருக்க. வெடிமருந்து மிச்சமான டைநைட்ரோடொலுவினுக்கோ பழுப்புக் கண்ணாடிப் புட்டியும் பனிக்கட்டியும் வேண்டும். வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். கூடவே தூய நீர் நிரப்பிய வெற்றுப் புட்டிகளும் ஆய்வகத்துக்குப் போகும். அவற்றில் யுரேனியம் தெரிந்தால், அழுக்கானது நிலமா, நம் கையா என்று கேட்டாக வேண்டும். பொறுமையற்றவர் எடுத்த மாதிரியை எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் காப்பாற்ற முடியாது.

வெல்டன் ஸ்பிரிங்கில் என்னை அசத்துவது இனி சொல்லப்போவதுதான். குவாரிக்கும் குடிநீர்க் கிணறுகளுக்கும் இடையே ஃபெம் ஓசேஜ் என்ற தேங்கிய நீரோடை கிடக்கிறது. ஓடைக்கு வடக்கே யுரேனியம் குடிநீர் வரம்பைத் தாண்டியது. அந்நாட்டில் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். தெற்கே இயற்கையாக இருக்கக்கூடிய அளவுதான். நடுவில் யாரும் சுவர் கட்டவில்லை.

ஆக்சிஜன் உள்ள நீரில் யுரேனியம் சுலபமாகக் கரையும். சுண்ணாம்புப் பாறை தரும் கார்பனேட்டோடு கைகோத்துக்கொண்டு வெகுதூரம் போகும். ஓடையை ஒட்டிய வண்டலில் மக்கிய இலைதழை ஏராளம். அதை உண்ணும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது. பிறகு ஆக்சிஜனுக்குப் பதிலாக மண்ணிலுள்ள இரும்பையும் சல்ஃபேட்டையும் பயன்படுத்துகிறது; அதனால் இரும்பு நீரில் கரைகிறது, சல்ஃபேட் குறைகிறது. அந்த மூச்சடைத்த கறுப்பு மண்ணுக்குள் வந்த யுரேனியம் எலெக்ட்ரான்களைப் பெற்று, கரையாத வடிவமாக மாறி மண்ணிலேயே படிந்துவிடுகிறது.

அழியவில்லை, படிந்திருக்கிறது, அவ்வளவே. யுரேனியம்-238இன் அரைவாழ்வு ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். ஆக்சிஜனோ உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டோ அந்த மண்ணுக்குள் மிகுதியாகப் புகுந்தால் மறுபடி கரையத் தொடங்கும். ஆகவே யுரேனியத்தை மட்டும் அளந்தால் செய்தி தாமதமாகத்தான் வரும். அதைப் பிடித்துவைத்திருக்கும் மண்ணின் உடல்நிலையை முன்கூட்டியே பார்க்க வேண்டும். அதற்காகவே இரும்பு, சல்ஃபேட், ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் ஆகியவற்றையும் சேர்த்து அளக்கிறார்கள். வீட்டுக் கிணற்றில் இரும்பு கலந்தால் துணியெல்லாம் பழுப்பேறுகிறதென்று சலித்துக்கொள்வோம். அந்த ஓடைக்கரைக் கிணறுகளிலோ கரைந்த இரும்பு அதிகமாகவும் சல்ஃபேட் குறைவாகவும் இருந்தால் நல்ல செய்தி. இரும்பு குறைந்து சல்ஃபேட் ஏறினால், யுரேனிய அளவு அசையாமல் இருந்தாலும் காரணத்தைத் தேடியாக வேண்டும்.