பார்வைப் பரிசோதகரின் எல்லை

கண்ணில் குறை தோன்றினால் நம்மில் பலர் முதலில் நாடிச் செல்வது கண் மருத்துவரை அன்று. கண்ணாடிக் கடையிலே எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வையை அளப்பவரைத்தான். அத்தொழிலை முறையாகப் பயின்றவரை ஆப்டோமெட்ரிஸ்ட் என்பர். பார்வைப் பரிசோதகர் என்று நாம் வழங்கலாம். கண் மருத்துவரோ மருத்துவப் பட்டம் பெற்று, கண்ணுக்கெனத் தனிப் பயிற்சியும் பெற்று, அறுவைச் சிகிச்சை செய்ய வல்லவர். பார்வைப் பரிசோதகர் ஒளியியலையும் கண்ணின் அமைப்பையும் கண் நோய்களின் அறிகுறிகளையும் கற்றவர்.

அவர் முன் நோயுற்ற கண் ஒன்று வந்து நிற்கும்போது அவர் செய்யத்தக்கது யாது? தாமே கவனிப்பதா, மருத்துவரைக் கலந்துகொள்வதா, உடனே அனுப்பி வைப்பதா? இத்துறை மாணவர்களுக்குப் பாடம் சொல்பவன் என்ற முறையில், ஆண்டுதோறும் நான் முதலில் எழுப்பும் வினா இதுதான்.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் 1976இல் பார்வைப் பரிசோதகர் கண் நோய்க்கு மருந்து தரலாம் என்று சட்டம் செய்தது. பிற மாநிலங்களும் பின்னர் அவ்வழியே சென்றன. இந்தியாவில் மருந்து எழுதித் தருவது பொதுவாக மருத்துவரின் பொறுப்பாகவே இருக்கிறது. ஆயினும் சட்டம் வரைந்த கோட்டுக்குள்ளும் அறிவு வரைய வேண்டிய கோடு ஒன்று உண்டு. மருத்துவம் செய்வோன் நோயாளியின் நிலையையும், நோயின் அளவையும், காலத்தையும் எண்ணிச் செய்யவேண்டும் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் கூறுகிறது. இம்மூன்றையும் இங்கே நாம் அளவுகோலாகக் கொள்வோம்.

முதலில், தாமே கவனிக்கத்தக்கவை. கிட்டப்பார்வை, தூரப்பார்வை, நாற்பது வயதையொட்டி வரும் வெள்ளெழுத்து ஆகியவை அவருடைய சொந்தக் களம். நெடுநேரம் படிப்பதால் வரும் கண் உலர்ச்சியையும், இமை விளிம்பின் அழற்சியையும் வெந்நீர் ஒற்றடத்தாலும் தூய்மையாலும் தணிக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: தக்க கண்ணாடி அணிந்தபின் பார்வை நிறைவாகத் தெளிய வேண்டும். தெளியாவிட்டால் ஓர் எளிய சோதனை உதவும். அட்டையொன்றில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த துளையிட்டு, அதன் வழியே எழுத்துகளைப் பார்க்கச் சொல்வார்கள். துளை வழியே எழுத்துத் தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடியின் அளவிலேதான் பிழை. தெளியாவிட்டால் வில்லையிலோ விழித்திரையிலோ நரம்பிலோ நோய் இருக்கக்கூடும். குறுகிய காலத்தில் கண்ணாடியின் அளவு பலமுறை மாறுமாயின் நீரிழிவையோ கண்புரையையோ ஐயுற வேண்டும். அப்போதும் கண்ணாடியையே மாற்றிக்கொண்டிருப்பது நோய்க்கு நாள் கொடுப்பதாகும்.

இரண்டாவது, கலந்துகொள்ளத்தக்கவை. கண்நீர் அழுத்த நோய் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதன் பொதுவான வகையில் வலி இல்லை, சிவப்பும் இல்லை. ஓரப் பார்வை முதலில் தேய்வதால் நோயாளி அதை உணர்வதில்லை. இழந்த பார்வை மீள்வதும் இல்லை. கண்ணின் அழுத்தம் வழக்கமாகப் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்கும். அந்த எல்லைக்குள் இருந்தும் நரம்பு கெடுவோர் உண்டாகையால், எண் ஒன்றை மட்டும் நம்பலாகாது. நரம்பின் தலைப்பகுதியைப் படமெடுத்து, பார்வைப் பரப்பையும் அளந்து, மருத்துவருடன் சேர்ந்து முடிவு செய்வதே முறை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை சிற்றூர்களில் நடத்தும் பார்வை மையங்களில், பயிற்சி பெற்றவர் கண்ணைச் சோதித்துப் படத்தையும் குறிப்பையும் தொலைத்தொடர்பு வழியே அனுப்ப, மருத்துவர் தம் இடத்திலிருந்தே நோயாளியுடன் பேசுகிறார்.

மூன்றாவது, உடனே அனுப்பத்தக்கவை. இங்கே காலமே தலைமை பெறுகிறது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஒவ்வொரு நிமிடமும் அது உள்ளே ஊடுருவும். ஆகவே, கடிதம் எழுதுவதற்கு முன்பே தூய நீரால் அரைமணி நேரமேனும் கழுவ வேண்டும். பிறகே அனுப்ப வேண்டும். திடீரென ஒளிக்கீற்றுகள் தோன்றித் திரை விழுந்தாற்போல் பார்வை மறைந்தால் விழித்திரை பிரிந்திருக்கக்கூடும். கடும் வலியும் வாந்தியும் விளக்கைச் சுற்றி வண்ண வளையமும் கண்டால் அழுத்தம் மிக உயர்ந்திருக்கும். இவற்றுக்கு அன்றைக்கே மருத்துவம் வேண்டும். குழந்தையின் கண்மணி வெண்மையாய்த் தெரிந்தால் அது புற்றுநோயாகவும் இருக்கலாம். திருவிழா முடியட்டும் என்று காத்திருத்தல் தகாது.

நம் உழவர்களுக்கு நேரும் இடர் ஒன்றைத் தனியே சொல்ல விரும்புகிறேன். கதிரடிக்கும்போது நெல் உமி தெறித்துக் கருவிழியில் கீறல் உண்டாகிறது. கீறல் அளவிலே இருக்கும்போது அது எளிதில் ஆறும். நேபாளத்தின் பக்தபூரில் பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் இத்தகைய கீறல் உற்றோரைக் கண்டறிந்து கண் மையங்களுக்கு அனுப்ப, அங்கே நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு மூன்று நாள் இடப்பெற்றது. 2001இல் வெளியான அந்த ஆய்வில் 442 பேரில் 96 விழுக்காட்டினர் நோய்த் தொற்றின்றிக் குணமடைந்தனர். 18 மணி நேரத்திற்குள் களிம்பு இடப்பெற்ற எவருக்கும் புண் வரவில்லை. எல்லை தெளிவாக வரையப்பட்டால் சிறு பயிற்சி பெற்றவரும் கண்ணைக் காக்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் கீறல் வெண்ணிறப் புண்ணாக மாறிவிட்டால் நிலைமையே வேறு. தமிழ்நாட்டில் இத்தகைய புண்களில் பெரும்பகுதி பூஞ்சையால் வருவது. அதைச் சாதாரணச் சிவப்பென்று எண்ணி ஸ்டீராய்டு சொட்டு மருந்தை இட்டால், சிவப்பு தணியும், வலியும் குறையும், பூஞ்சையோ தடையின்றிப் பரவும். குணமாகிறது என்று உழவர் நம்பியிருக்கும் நாட்களிலேயே கண் போய்விடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் இத்தீங்கையே செய்யும்.

அனுப்பி வைப்பதைத் தோல்வி என்று கருதும் மாணவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இது: எப்போது வந்தார், என்ன கண்டோம், என்ன மருந்து ஏற்கெனவே இட்டிருக்கிறார் என்னும் மூன்றையும் தெளிவாக எழுதிய கடிதத்துடன் அனுப்புவதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே. அவர் உரிய இடத்தைச் சென்றடைந்தாரா என்று விசாரித்து அறியும்வரை அப்பகுதி முடிவதில்லை. கண்ணாடி வாங்கச் செல்லும் நீங்களும் ஒன்று கேளுங்கள்: "ஐயா, இது கண்ணாடியால் தீரும் குறைதானா?" தயங்காமல் அதற்கு விடை சொல்பவர், தம் எல்லையை அறிந்தவர், அவரிடம் உங்கள் கண்ணை நம்பிக் காட்டலாம்.