இரண்டு பலகைக்கு நடுவே ஒரு பசை

கொழும்பின் பாமன்கடையில் பழைய வீடுகள் இடிபட்டுத் தொடர்மாடிகள் எழ எழ, வீட்டுக்குள் சுவரின் எடை குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு பக்கமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒரு சதுர மீற்றருக்கு 200 கிலோவுக்கு மேல் நிறுக்கும். இன்று அறை பிரிக்க நாங்கள் நிறுத்தும் ஜிப்சம் போட் சுவர் தகரச் சட்டத்தோடு சேர்த்தும் 20 கிலோ வரைதான். ஒரே நாளில் எழும்பிவிடும், காசும் குறைவு. ஆனால் அடுத்த அறையில் யார் என்ன கதைக்கிறார்கள் என்பது சொல் சொல்லாக விளங்கும்.

பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் பாட்டிஷன் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். எங்கள் பகுதியில் இந்தக் குறை பலரைச் சுடுகிறது. ஒரு மாடியில் ரியூஷன், அடுத்ததில் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர், மேலே சங்கீத வகுப்பு. ஆட்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் ஏதோ ஒரு சாமானைத் தீர்மானித்துக்கொண்டுதான் வருகிறார்கள்: பஞ்சு, ரெஜிபோம், முட்டை மட்டை, காருக்குள் ஒட்டும் கறுப்புத் தாள். எந்தச் சத்தம், எந்த வழியாகப் போகிறது என்ற கேள்வியை யாரும் முதலில் கேட்பதில்லை.

ஜிப்சம் சுவரை விரல் மொளியால் தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகும் அது சற்று நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். மிருதங்கத்தில் அடித்த கையை எடுத்தால் தோல் நாதம் விடும், கையை அங்கேயே அமர்த்தினால் நாதம் செத்துவிடும். அப்படி அமர்த்தும் கைதான் சுவருக்கு வேண்டியது. 12.5 மில்லிமீற்றர் பலகைக்கு 2500 முதல் 3000 ஹேர்ட்ஸ் வரையிலான மீடிறனில் ஒரு பலவீனம் உண்டு. அந்த இடத்தில் காற்றில் வரும் அலையும் பலகை வளையும் அலையும் ஒத்துப்போவதால், சத்தம் எளிதாக மறுபக்கம் இறங்குகிறது. பேச்சின் கூர்மையான ஒலிகள் பலவும் அந்த வட்டாரத்தில் இருப்பதால், மெதுவாகக் கதைத்தாலும் சொல் பிடிபட்டுவிடுகிறது.

இதற்கு நேர் மருந்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே இறுகாத பசை ஒன்றைப் பூசி ஆணியடிப்பது. சுவர் வளையும்போது இரண்டு பலகைகளும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை அளவு வழுக்குகின்றன. நடுவிலுள்ள பசை இழுபட்டு, அந்த அசைவைச் சூடாக்கித் தின்றுவிடுகிறது. எட்வர்ட் கெர்வின் என்ற அமெரிக்கர் 1959 இல் இதன் கணக்கை எழுதி வெளியிட்டார். இன்று கிரீன் குளூ என்ற பெயரில் வருவது இந்த வகைப் பசைதான். எட்டுக்கு நாலு அடிப் பலகைக்கு இரண்டு குழாய் என்பது அதைச் செய்கிறவர்கள் சொல்லும் அளவு. பூசிய அன்றே பலன் தெரியாது, முழுதாகச் செட்டாகச் சில வாரம் எடுக்கும்.

காருக்கு ஒட்டும் பியூட்டைல் தாளும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் மெல்லிய தகரத்தில். ஜிப்சம் பலகையின் விறைப்புக்கு முன் அந்தத் தாள் எடுபடாது. சுவருக்கென்று கார்ச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போய் அதை வாங்க வேண்டாம். பாரம் ஏற்றிய வைனில் விரிப்பு வேறு வகை. அது அதிர்வை அமர்த்துவதில்லை, எடை மட்டும் கூட்டுகிறது. வழக்கமாகக் கிடைப்பது சதுர மீற்றருக்கு 5 கிலோ. அதைவிடக் கூடுதல் எடையை இன்னொரு ஜிப்சம் பலகை மலிவாகத் தரும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதேயில்லை. முட்டை மட்டையும் கடற்பஞ்சும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கலாம், சுவரைத் தாண்டும் சத்தத்தை நிறுத்தா. ரெஜிபோம் இலேசும் விறைப்பும் சேர்ந்தது, இந்த வேலைக்கு ஆகவே ஆகாது.

ரொக்வூலும் கிளாஸ்வூலும் உண்மையில் உதவுகின்றன. அவற்றின் இடம் சட்டத்துக்குள், இரண்டு பலகைகளுக்கும் இடையிலான இடைவெளியில். அங்கே அடைபட்ட காற்றுச் சத்தத்தை அவை உறிஞ்சும். பலகையின் அதிர்வை அவை தொடுவதில்லை.

பாமன்கடையில் வாய்ப்பாட்டும் மிருதங்கமும் நடக்கிற ஒரு வீட்டுக்குப் போனேன். ரீச்சர் சொன்னார்: “தம்பி, நான் பாடுறதை ஆரும் குறை சொல்லேல்லை. மிருதங்கம்தான் பக்கத்து வீட்டாக்களைப் படுக்க விடுதில்லையாம். ஏதோ பசை இருக்காமே, அதைப் பூசி விடுங்கோ.”

“ரீச்சர், தொப்பிப் பக்கத்துச் சத்தத்துக்குப் பசை மட்டும் காணாது” என்றேன்.

65 மில்லிமீற்றர் இடைவெளியில் ஒற்றைப் பலகைகள் நிற்கும் சுவரில், நடுவிலுள்ள காற்று அமுங்கி விரிந்து, இரண்டு பலகைகளும் சேர்ந்து ஆடுகிற மீடிறன் ஏறக்குறைய 110 ஹேர்ட்ஸில் விழும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் விடும் கும்மென்ற நாதத்துக்கு அது வாசல் திறந்து வைத்தது மாதிரி. இரண்டு பக்கமும் பலகையை இரட்டித்தால் அது 80க்குக் கிட்ட இறங்கும். அதோடு சட்டங்களைப் பக்கத்துக்கு ஒரு வரிசையாகப் பிரித்து நிறுத்தவும், உள்ளே ரொக்வூல் அடைக்கவும், வாசிக்கிறவர் இருக்கும் இடத்தில் தடித்த இறப்பர் விரிப்புப் போடவும் சொன்னேன். மிருதங்கத்தின் அதிர்வில் ஒரு பங்கு தரை வழியாகவே போகிறது. பசை கடைசியாகப் பட்டியலில் வந்தது.

கதவையும் மறக்கக் கூடாது. 100 சதுர அடிச் சுவரில் ஒரு சதுர அடி திறந்து கிடந்தால், மிச்சச் சுவர் எவ்வளவு நல்லதானாலும் தடுப்பது 20 டெசிபலைத் தாண்டாது. மூன்றடிக் கதவின் கீழ் அரை அங்குல இடைவெளி விட்டாலே 30 டெசிபலோடு முடிந்துவிடும். பொய்க் கூரைக்கு மேலே சுவர் ஏறாமல் நின்றாலும், பிளக் பெட்டிகள் இரண்டு பக்கமும் முதுகுக்கு முதுகு இருந்தாலும் இதே கதைதான்.

மரீன் டிறைவ் பக்கத்தில் ரயில் அதிர்வுக்கு மருந்து கேட்கிறவர்களுக்கு நான் சுவர் வேலை செய்து கொடுப்பதில்லை. அது நிலத்தால் ஏறி வருகிறது. இலண்டனில் சென் ஜேம்ஸ் பார்க் நிலக்கீழ் ரயில் நிலையத்துக்கு மேல் 1966 இல் எழுந்த அல்பனி கோர்ட் கட்டடத்தை இயற்கை இறப்பர் தாங்கிகளின் மேல் நிறுத்தினார்கள். அத்திவாரம் போடும்போது செய்யவேண்டிய காரியம் அது. இயற்கை இறப்பர் அதிர்வைக் கட்டடத்திலிருந்து பிரித்து வைக்கும். பியூட்டைலைப் போலத் தின்னாது. பந்தாக்கிப் போட்டால் இயற்கை இறப்பர் துள்ளும், பியூட்டைல் பெரிதாய்த் துள்ளாது.

எனக்குத் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. இந்தப் பசைகளின் குணம் சூட்டோடு மாறும். சூடு ஏற ஏற இளகும், அமர்த்தும் மீடிறனும் இடம் பெயரும். வெளிநாட்டுப் பரிசோதனைத் தாள்கள் 20 பாகை செல்சியஸை ஒட்டிய அறைகளில் எடுத்தவை. ஏசி இல்லாத பாமன்கடை அறையில் சுவர் 30 பாகையில் நிற்கிறது. 1876 இல் ஹெனரத்கொடையில் இறப்பர் கன்று நட்ட நாடு இது. அகலவத்தையில் இறப்பர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மொறட்டுவையில் பொறியியல் பீடம் இருக்கிறது. எங்கள் சூட்டுக்கும் எங்கள் ஈரக்காற்றுக்கும் சோதித்த ஒரு பசையை அவர்கள் செய்து தந்தால், டப்பாவின்மேல் 30 பாகைக் கணக்கை அச்சடித்துத் தந்தால், அடுத்த நாளே நான் அதைச் சுவரில் பூசுவேன்.